நிபந்தனை ஏழு

மனுவில் என்ன வார்த்தை போடுவது என்பதில்தான்
முதல் தகராறு.
சந்தை என்றால் ஏலம் விடுவார்கள்,
ஏலம் எடுக்கப்போவது யாரென்று
காவேரிப்பட்டணத்துக் காக்காய்க்கும் தெரியும்
என்றார் தாஜுதீன்.
கடை என்றால் டெபாசிட் கேட்பார்கள்.
கூட்டம் என்றால் போலீஸ்.
என் ஜெராக்ஸ் கடை பெஞ்சில் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து
"புதன்தோறும் மாலை மூன்று முதல் எட்டு வரை
காய்கறி வைத்து உட்கார்ந்திருக்க" என்று எழுதினேன்.
திம்மக்கா கேட்டாள்:
உக்கார்றதுக்கா மனு?

முப்பத்தொரு பேர்.
பதினேழு கையெழுத்து, பதினான்கு ரேகை.
ஒரு ரேகையில் புளி ஒட்டியிருந்தது.
செயல் அலுவலர் அதைத் தொட்டுவிட்டு
விரலைப் பார்த்துக்கொண்டார்.
வரைபடம் எங்கே என்றார்.

மேல்நிலைத் தொட்டிக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் நடுவே
பேரூராட்சிக்கே மறந்துபோன இடம் அது.
தாஜுதீன் மகள் தையல் டேப்பால் அளந்தாள்,
ஐந்தடிக்கு ஒரு கல் வைத்து.
புங்க மரம் ஒன்று.
உடைந்த சிமெண்ட் குழாய் இரண்டு.
பையன்கள் சுவரில் கரியால் கிழித்த ஸ்டம்பு.
எல்லாம் வரைந்தோம்.
குழாய்க்குள் படுத்திருந்த நாயை மட்டும் விட்டுவிட்டோம்,
அது நிரந்தரக் கட்டுமானம் இல்லை என்பதால்.

ஆட்சேபணை ஐந்து.
குப்பை, நெரிசல், இரைச்சல் என்று மூன்று,
ஒரே ஆளின் எழுத்தில்.
நியாயமானது ஒன்று:
மருந்தகத்துக்கு மாடு வர வழி வேண்டும்.
ஒன்பதடி விட்டோம்.
ஐந்தாவது, பெயரில்லாமல், ஒரே வரி:
இவர்களெல்லாம் யார்?

அதற்கு என்ன பதில் எழுதுவது.
நெடுங்கல் திம்மக்கா, அவரை.
பனகமுட்லு சின்னபாப்பா, தக்காளி.
சலீமா, முட்டை, அப்புறம் கொஞ்சம் கறிவேப்பிலை.
எழுத எழுத
பதில் மாதிரி இல்லை,
வெறும் பட்டியலாகத்தான் வந்தது.
அப்படியே கொடுத்துவிட்டேன்.

மன்றத்தில் நாங்கள் பொருள் எண் பதினான்கு.
பதின்மூன்று, தெருவிளக்குக்கு பல்பு:
ஒரு மணி நேரம், இரண்டு வெளிநடப்பு.
பதினைந்து, நாய்களுக்குக் கருத்தடை.
நடுவில் தலைவர் தண்ணீர் குடித்து
டம்ளரைக் கீழே வைப்பதற்குள்
மன்றம் அனுமதித்துவிட்டது.
நான் பேச எழுதிவைத்திருந்த இரண்டு பக்கம்
இன்னும் மணிபர்ஸில் இருக்கிறது,
எட்டாக மடித்து.

உத்தரவில் பதினொரு நிபந்தனை.
ஒலிபெருக்கி கூடாது.
கடைக்கு இருபது ரூபாய், ரசீது உண்டு.
ஏழு: தொடர்ந்து இரண்டு வாரம் சந்தை கூடாவிட்டால்
அனுமதி தானாகவே ரத்து.
சந்தை என்று
அவர்களே எழுதியிருந்தார்கள்.

நாலு புதன் நன்றாகப் போனது.
ஐந்தாம் புதன் அணை திறந்து
தரைப்பாலம் தண்ணீருக்குள்.
ஒருத்தரும் இல்லை.
ஆறாம் புதன் காலையிலிருந்தே மழை.
நாலு மணிக்குக் குடையோடு போனேன்,
முடிந்தது என்று பார்த்துவிட்டு வர.

குழாய்க்குள் திம்மக்கா.
சுற்றுவழியில் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.
எதிரே, யூரியா சாக்கின் மேல்
ஒரே ஒரு கூறு அவரை.

பில் கலெக்டர் சம்பங்கி வந்தார்,
ரசீது புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.
ஒரே கடையை எப்படிம்மா சந்தைன்னு எழுதறது?
ஏழாவதுல எத்தனை கடைன்னு போட்டிருக்குதா, பாரு சாமி.
என்னிடம் ஜெராக்ஸ் இருந்தது.
குடைக்கடியில் இரண்டு முறை படித்தார்.
போடவில்லை.

இருபது ரூபாய்க்குக் கிழித்தார்.
புத்தகத்தின் அடிக்கட்டையில் 'கூடியது' என்று எழுதப் போனார்,
ஈரத்தில் பேனா ஓடவில்லை.
உதறி, அழுத்தி, மறுபடி எழுதினார்.
அவரை என்ன விலை என்றார்.
சொன்னாள். குறைக்கவில்லை.
இன்னொரு குழாயிலிருந்து நாய்
எங்கள் மூவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்
தலையைக் கீழே வைத்துக்கொண்டது.